டெல்லியா, தண்டையார்பேட்டையா?

"அண்ணா, நாடக இயக்குநர் ஆகணும். டெல்லிக்குப் போகட்டுமா, இங்கேயே ஒரு குழு ஆரம்பிக்கட்டுமா?" வியாசர்பாடியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு நாடகக் குழு நடத்துகிறேன், அதனால் கேட்கிறார்கள்.

டெல்லி என்று அவர்கள் சொல்வது 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியை. மூன்று வருடப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. ஒளியமைப்பு, அரங்க வடிவமைப்பு, உடை என்று எல்லாவற்றையும் கையால் செய்து பழகலாம். மொட்டை மாடியில் இரண்டு விளக்கை வைத்துக்கொண்டு நான் வருடக்கணக்கில் தட்டுத் தடுமாறிக் கற்றதை அங்கே முறையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே புழங்குவது பெரும்பாலும் இந்தி. வடசென்னைப் பேச்சின் வேகமும் இழுப்பும்தான் நம் கைமுதல். மூன்று வருடம் அது காதில் விழாமல் இருப்பது சின்ன இழப்பு இல்லை. மொழிதான் தடை என்றால் பக்கத்திலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நாடகப் பள்ளிக்கு அடித்தளம் போட்டவர் நாடக ஆசிரியர் இந்திரா பார்த்தசாரதி. அங்கே வாங்கும் முதுகலைப் பட்டம் பின்னால் கல்லூரி வேலைக்கும் உதவும்.

சரி, குழு? காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்கள் நான்கு பேர் எங்களிடம் நடிக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் முழு ஒத்திகையும் அதற்குள் முடிந்தாக வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்ப்பவருக்கு நைட் ஷிப்ட் விழுந்தால் அவர் வேடத்தை இன்னொருவர் ஏற்று நிற்பார். அப்படி ஆள் மாறி நின்ற ஒரு ராத்திரியில்தான், தொய்வு நடிகரிடம் இல்லை, நான் அமைத்த காட்சியில் இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது.

தெருவில் போடும்போது இன்னொரு பாடம். தண்ணீர் லாரி வந்தால் பாதிக் கூட்டம் குடத்தோடு எழுந்துவிடும். எந்தக் காட்சியில் எழுந்தார்கள், எந்தக் காட்சியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைப்பேன். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அந்த இடத்தை மாற்றிவிடுவோம். ஒரே நாடகத்தை இருபது தெருவில் திருத்தித் திருத்திப் போடும் வாய்ப்பு எந்தப் படிப்பிலும் கிடைக்காது.

கூத்து வாத்தியாரிடம் சேருவது மூன்றாவது வழி. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்துப் பக்கம் ஒரு முறையாவது விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். பின்பாட்டுக்காரர்களோடு நின்றபடியே வாத்தியார் மொத்த இரவையும் நடத்திக்கொண்டு போவார். 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும் கூத்தின் மேல் கொண்ட பிடிப்பால்தான். ஆனால் அது ஒரு வாழ்க்கையையே கேட்கும் வழி. அரைகுறை மனதோடு போகாதீர்கள்.

அப்புறம் காசு. எந்த வழியில் போனாலும் நாடகம் இயக்குவது மட்டும் சோறு போடாது. பள்ளிகளில் பயிற்சி, விழிப்புணர்வு நாடகம் என்று கொஞ்சம் வரும். வேலையை விடாதீர்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டுதான் நாடகம் போட்டார். அவர் சபை நாடகம் போட்ட, சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

என்னைக் கேட்டால் குழு முதலில், பள்ளி அப்புறம். டெல்லிப் பள்ளி விண்ணப்பத்திலேயே நாடக அனுபவம் கேட்கிறார்கள். இங்கே இரண்டு மூன்று நாடகம் போட்டுவிட்டுப் போகிறவருக்குத் தனக்கு எது தெரியாது என்பது தெரிந்திருக்கும். எனக்கு ஒளியமைப்பு தெரியாது. இருபத்தைந்து வயதில் யாராவது சொல்லியிருந்தால் அதைக் கற்றுக்கொள்ளவே போயிருப்பேன்.