கேட்காமல் விட்ட கேள்விக்கு நான்கு நட்சத்திரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், நீதிமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஓர் இ-சேவை மையம் இருக்கிறது. தனியார் நடத்துவது. ஒரு கணினி, ஒரு விரல்ரேகைக் கருவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மின்விசிறி கல்லாவுக்கு மேலே மட்டும் சுற்றும். காத்திருப்பவருக்குக் கடல் பக்கமிருந்து காற்று வந்தால் உண்டு.

நான் கொத்தனார். அண்ணன் தம்பிக்குள் மனைத் தகராறு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 326ஆவது பிரிவு (ஆயுதத்தால் கொடுங்காயம்), கேப்பர் மலை மத்திய சிறையில் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். செய்தேன், அனுபவித்தேன். பத்தாவது வரை படித்தவன் என்பதால் உள்ளே பலருக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். பரோல் மனு, மருத்துவமனைக்கு அனுப்பக் கோரும் மனு, ஊரில் இருக்கும் தாசில்தாருக்கு மனு. அதனால் படிவம் என்றால் பயமில்லை. எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று வரிக்கு வரி பார்ப்பேன்.

வெளியே வந்தபோது குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்னும் வருமானச் சான்றும் வேண்டும். நான் உள்ளே இருந்தபோது மனைவி அட்டையை நெல்லிக்குப்பத்தில் தன் தாய்வீட்டு முகவரிக்கு மாற்றிக்கொண்டாள். அதில் என் பெயர் போய்விட்டது. அவளைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அவளுக்கு அரிசி முக்கியம்.

முதலில் போனது ஓர் அலுவலகத்துக்கு. எது என்று சொல்லப்போவதில்லை. “மூன்று வருடமாக எங்கே இருந்தாய்?” என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை மூடினார். “கேஸ் உள்ளவனுக்கு இதெல்லாம் கிடைக்காதப்பா.” வரிசையில் பின்னால் நின்ற பெண் தன் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதையே உண்மையென்று நம்பி இரண்டு மாதம் வலியோடு சித்தாள் வேலைக்குப் போனேன்.

என் மேல்முறையீட்டை நடத்திய வழக்கறிஞர் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகக் கிடைத்தவர். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. (15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள்.) அந்த வழக்கறிஞரிடம் கேட்டேன். “நீங்கள்தான் மனு எழுதியவர் ஆயிற்றே, அந்தப் படிவத்தைப் படித்துப் பாருங்கள். வழக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறதா?” என்றார். இல்லை. பாஸ்போர்ட் கேட்கும், அரசு வேலை கேட்கும். அரிசியும் அறுவை சிகிச்சையும் கேட்பதில்லை.

அமெரிக்காவில், போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு உணவு உதவியும் ரொக்க உதவியும் ஆயுளுக்கும் கிடையாது என்று 1996இல் மத்திய சட்டமே போட்டார்கள் என்றும், மாநிலங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று வைத்ததால் பெரும்பாலானவை பிறகு தடையை நீக்கின அல்லது தளர்த்தின என்றும் சொன்னார். எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. அங்கே தடை தாளில் இருக்கிறது, தாளில் இருப்பதை அடித்துவிடலாம். என்னைத் தடுத்தது ஒருவருடைய வாய். அதற்கு எங்கே மனுப் போடுவது?

இந்தக் கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. நடத்துபவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். முகவரிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். பையிலிருந்த தாள்களை மொத்தமாக எடுத்து வைத்தேன். மேலே இருந்தது சிறையின் விடுதலைச் சான்று. படித்தார், படித்ததை நான் பார்த்தேன். எழுத்துப் பக்கம் கீழே போகும்படி அதைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். “இது இதற்குத் தேவையில்லை ஐயா. ஆதார் கொடுங்கள்.” பின்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த சிக்கல் ஓடிபி. ஆதாரில் இருந்தது என் பழைய கைப்பேசி எண். நீண்ட நாள் ஓடாத சிம் ஆயிற்றே, நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அழைத்துப் பார்த்தோம். விருத்தாசலத்தில் ஓர் அம்மாள் எடுத்தார். ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதும் திட்டிவிட்டு வைத்தார். அவர் செய்தது சரிதான். எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம், விரல்ரேகை போதும், ஆனால் இங்கே அந்த வசதி இல்லை, தபால் நிலையத்துக்குப் போங்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னார். போனேன். சிமெண்டில் தேய்ந்த கை. நான்காவது விரலில்தான் ரேகை பிடித்தது. திரும்பி வந்தபோது முதல் நாள் தட்டிய விவரங்களைக் குறித்து வைத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

வருமானச் சான்றுக்கு 60 ரூபாய், ரசீதோடு. பதினோராம் நாள் வந்தது. அட்டையில் பெயர் சேர ஐந்து வாரம் ஆயிற்று; அந்தத் தாமதம் கடையினுடையது அல்ல.

குறைகளையும் சொல்லவேண்டும். ஜெராக்ஸ் ஒரு பக்கம் மூன்று ரூபாய், அடுத்த கடையில் இரண்டு. சர்வர் நின்றுவிட்டால் எப்போது வரும் என்று சொல்லாமல் உட்காரவைக்கிறார். வாசலில் மூன்று உயரப் படிகள். குடலிறக்கத்தோடு ஏறியவனுக்கு அந்த உயரம் நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும்விட, தமிழில் வேகமாகத் தட்டுவதால் ணகரமும் னகரமும் இடம் மாறுகின்றன. என் தந்தை பெயரில் மாறியிருந்தது. அனுப்புவதற்கு முன் நான் கவனித்ததால் தப்பித்தேன். ஒரு நட்சத்திரம் குறைந்தது இதற்காகத்தான்.

மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை பூட்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் காட்டுவார்.