பண்டிகை வாழ்த்தா, போனா, செய்தியா? ஆர்டர் இல்லாத மாதங்களில் எது கைகொடுக்கிறது

திருப்பூரில் நூல் ஏஜென்ட் வேலையில், ஆர்டர் ஓடும்போது பார்ட்டியோடு, அதாவது நம்மோடு வியாபாரம் செய்பவரோடு, பேச்சு தானாக நடக்கும். ஆர்டர் இல்லாத மாதங்களில் தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. பண்டிகை வாழ்த்து, போன், அவர் தொழிலைத் தொடும் செய்தி என மூன்றையும் செய்து வந்தவன் நான். இப்போது செய்திப் பக்கம்தான் நிற்கிறேன்.

வாழ்த்துப் படத்துக்குச் செலவில்லை, யாருக்கும் வருத்தமும் வராது. தீபாவளியன்று வரும் படங்களோடு நம்முடையதும் சேரும். ஒரு கைகூப்பு எமோஜியோடு முடிந்துவிடும். போனில் நெருக்கம் அதிகம். ஆனால் "சும்மாதானுங்க கூப்பிட்டேன்" என்றால், ஏதோ கேட்கப் போகிறோம் என்றே எதிர்முனை காத்திருக்கும்.

செய்தியில் அந்தச் சங்கடம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், பதில் போட ஒரு காரணமும் இருக்கும். ஆனால் அது யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. பீஸ் 1,000 ரூபாய்க்குள் விற்பவருக்கு அதே 5 சதவீதம்தான். அவருக்கு இது செய்தியே இல்லை. 1,000க்கு மேல் 2,500 வரை விற்பவருக்கு 12லிருந்து 5 ஆகக் குறைந்தது. 2,500க்கு மேல் ஜாக்கெட் விற்பவருக்கோ 12லிருந்து 18 ஆக ஏறியது. "ஆடைக்கு வரி குறைப்பு" என்ற தலைப்பை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் எல்லாருக்கும் தட்டிவிட்டால் ஜாக்கெட்காரர் என்ன நினைப்பார்? நம் தொழில் இவனுக்குத் தெரியவில்லை என்றுதான். ஹூடி தைத்து விற்கும் பார்ட்டிக்கு மட்டும், "உங்க 1,800 ரூபாய் ஹூடிக்கு இனி 5 சதவீதம்தானுங்க, கடைக்காரங்க புது ரேட் கேக்கறாங்களா?" என்று நம் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினால், அந்தக் கேள்வியே பேச்சைத் தொடங்கிவிடும்.

இதற்கு உழைப்பு உண்டு. யார் என்ன ரகம் போடுகிறார், எந்த விலையில் விற்கிறார் என்று குறித்து வைக்க வேண்டும். தேதியையும் சரிபார்க்க வேண்டும். பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கினார்கள். அதே ஆகஸ்டில் அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். பழைய தேதியை நம்பி மில்காரர் கொள்முதலை அவசரப்படுத்தினால் நஷ்டம் அவருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

அப்புறம், சில செய்திகளை அனுப்பவே கூடாது. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்தவருக்கு அதை யாரும் அனுப்பித் தெரிய வேண்டியதில்லை. அன்று போன்தான் சரி, முடிந்தால் நேரில்.

வெளிநாட்டு பையர்களிடம் இது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பழக்கம் உள்ளூர் பனியன் கம்பெனிகளும் மில்களும்தான்.