மார்கழியில் குடும்பத்தோடு: மாலைக் கச்சேரியா, மதியக் கச்சேரியா, மாமல்லபுரமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடுவதும் சென்னையில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடத்தும் சபாக்கள் களைகட்டுவதும் ஒரே சமயத்தில்தான். வீட்டில் ஒரு பாட்டியும், ஓரிடத்தில் உட்காராத பிள்ளையும் இருந்தால் இவர்களை எதற்குக் கூட்டிப்போவது என்று ஒவ்வொரு டிசம்பரிலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சில வருடங்களாக மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாலைக் கச்சேரி. பெரிய வித்வான், பெரிய அரங்கம், இரண்டரை மணி நேரம். வர்ணத்தில் தொடங்கி, நடுவில் விஸ்தாரமாக ஒரு ராகம், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்னும் சிறு பாட்டுகள் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த வரிசை ரசிகருக்கு முழு விருந்து. மாமியாருக்கு வருடத்தில் இதைவிடப் பெரிய சுகம் கிடையாது. ஆனால் பிள்ளைக்குப் பிடிக்கக்கூடிய தனியும் துக்கடாவும் பின்பாதியில் அல்லவா வருகின்றன? அதற்குள் கண் சொருகிவிடும். பின்வரிசையில் இடம் கிடைத்தால் வித்வான் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிவார். ஒருமுறை ஆலாபனை உச்சத்தில் இருந்தபோது, அப்போது எட்டு வயதான என் மகன், "இன்னும் எத்தனை பாட்டும்மா?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். முன்னால் நாலைந்து தலைகள் திரும்பின. அவனை வெளியே அழைத்து வந்து, மீதிக் கச்சேரியைக் கதவருகே நின்று கேட்டேன். பிள்ளை மேலும் தப்பில்லை, திரும்பிப் பார்த்தவர்கள் மேலும் தப்பில்லை. மாலைக் கச்சேரி பெரியவர்களுக்கானது, அவ்வளவுதான்.

என் ஓட்டு மதியக் கச்சேரிக்கு. பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே, முடிந்துவிடும். எல்லாவற்றையும்விட, முதல் வரிசை காலியாக இருக்கும். பிள்ளைக்கு அதுதான் வேண்டும். போன வருடம் மிருதங்கம் வாசிக்க வந்த பையன் எங்களுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் குழைத்த ரவையை தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் அப்பினான். பிறகு சிறு கல்லால் வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தான். "அது எதுக்குப் பாட்டி?" என்று என் மகன் கேட்க, "ரவை வெச்சாத்தான் தொப்பி பேசும்" என்றார் மாமியார். அதன் பிறகு அவன் கண் மிருதங்கத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை என்று பாட்டி அவன் கையைப் பிடித்து ஆதி தாளம் போட்டுக் காட்டினார். தனி ஆவர்த்தனம் முடியும்வரை அவன் தாளத்தை விடவில்லை. மேடையில் இருந்த பையனும் அதைக் கவனித்து ஒரு தடவை சிரித்தான்.

பகலில் பாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சில நாள் குரல் பதற்றத்தில் நடுங்கும். ஆனால் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு முழு மனதோடு பாடும் இருபது வயதுப் பெண்ணுக்கு முன்னால் ஒரு குடும்பம் போய் உட்கார்ந்தால் அவள் குரலிலேயே தெம்பு ஏறுவது கேட்கும். அதற்காகவே போகலாம். முடிந்ததும் சபா கேன்டீன். கூட்டம் சேருவதற்கு முன்பே இடம் பிடித்துவிடலாம்.

இசையைவிட ஆட்டம்தான் பிள்ளைக்குப் பிடிக்கும் என்றால் மாமல்லபுரம். தமிழக அரசின் சுற்றுலாத் துறை டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நடத்தும் நாட்டிய விழா. திறந்தவெளி மேடையில் பரதநாட்டியம், குச்சிப்புடி, கதக், ஒடிசி, கிராமியக் கலைகள் என்று நாளுக்கு நாள் மாறும். பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், பேசலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பகலிலேயே போய்விட்டால் பல்லவர் காலக் கடற்கரைக் கோயிலையும் காட்டிவிடலாம். சங்கடம் தூரம்தான். சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இரவு திரும்பும்போது பனியும் கடல் காற்றும் பாட்டியின் முழங்காலை ஒரு வழி செய்துவிடும். மப்ளர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவையும் மறக்க வேண்டாம். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நாட்டிய நாடகங்களில் ராமாயணம் வந்தால், ராமனையும் சீதையையும் பிள்ளையே அடையாளம் கண்டுகொள்ளும். நாம் காதில் கிசுகிசுக்க வேண்டியதில்லை.

மயிலாப்பூர் மாட வீதிகளில் நடக்கும் விடியற்காலை பஜனை வேறு ரகம். தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பாடி நடந்த தெருக்கள் அவை. ஆனால் விடுமுறையில் பிள்ளையை அந்த நேரத்துக்கு எழுப்ப என்னால் முடிந்ததில்லை.

இந்த வருடம் மாமியாருக்கும் அவர் தங்கைக்கும் மட்டும் ஒரு மாலைக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் எடுக்கப்போகிறேன். பிள்ளைகளோடு இரண்டு மதியங்கள், முதல் வரிசையில், மிருதங்கம் இருக்கும் பக்கமாக.