சர்வீஸிலிருந்து திரும்பிய 150-600: ஆற்றங்கரைப் பறவைகளுக்கு இந்த லென்ஸ் சரிப்படுமா?

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, உங்ககிட்ட இருக்குற அதே 150-600 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. புதுசுல பாதி விலைதான் சொல்லுதாவ. வாங்கட்டுமா?"

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. என்னுடைய லென்ஸ், தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 150-600 மி.மீ. ஜூம், அப்போதுதான் சர்வீஸிலிருந்து வந்திருந்தது, கோபம் வேறு ஆறவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன். எடை, அப்பர்ச்சர் (ஒளி புகும் துளையின் அளவு) எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. விலை இறங்கியதைப் பார்த்துச் சந்தேகப்படவும் வேண்டாம். எல்லாரும் புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறார்கள், பழைய கேமராக்களில் பொருந்துகிற லென்ஸ்கள் சந்தைக்கு வருகின்றன, அவ்வளவுதான்.

நான் இதைத் தாமிரபரணிக் கரைக்காகவே வாங்கினேன். கடனா நதி வந்து சேர்கிற திருப்புடைமருதூரில் தொடங்கிக் கரையோரமாகவே கிழக்கே நடப்பது வழக்கம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக ஊர்க்காரர்களே முன்னின்று, 2005-இல் காப்பகமாக அறிவிக்கச் செய்த இடம் அது. 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்கிற இந்த வகைக் காப்பகங்களில் நாட்டிலேயே முதலாவது. மாசி, பங்குனியில் தண்ணீர் குறைந்து பாறைகளும் மணல்திட்டுகளும் தலைகாட்டும். மருத மரங்கள் தளிர் விட்டிருக்கும். வடக்கிலிருந்து வந்த சாம்பல் வாலாட்டிகள் இன்னும் கிளம்பியிருக்காது, உள்ளூர்ப் பறவைகளோ ஜோடி சேரத் தொடங்கியிருக்கும். இரண்டு கூட்டத்தையும் ஒரே நடையில் பார்க்கக் கிடைக்கிற காலம் இதை விட்டால் இல்லை.

அப்படி நடக்கும்போதுதான் இந்த லென்ஸின் குணம் தெரியும். தோள்வாரில் கீழ்நோக்கித் தொங்கவிட்டு நடந்தால், முன்பாகம் தன் எடையிலேயே சறுக்கி 600 வரை நீண்டுவிடுகிறது. புதிதில் இறுக்கமாகத்தான் இருந்தது, போகப்போகத் தளர்ந்துவிட்டது. பூட்டு இருக்கிறது, ஆனால் 150-இல் மட்டும்தான் பிடிக்கும். பூட்டி வைத்து நடந்தால், சிறு மீன்கொத்தி பறந்துவந்து கோரை நுனியில் உட்காரும் நேரத்தில் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும், பிறகு வளையத்தைத் திருப்ப வேண்டும், மணிக்கட்டு எட்டாமல் பிடியை மாற்றி மறுபடியும் திருப்ப வேண்டும். அதற்குள் நீலமாக ஒரு கோடு ஆற்றின் குறுக்கே போய்விடும். பூட்டாமல் நடந்தாலோ நீண்ட குழல் முழங்காலில் இடிக்கும், கருவேல முள்ளில் உரசும். இத்தனை பேர் வாங்கிப் பயன்படுத்துகிற லென்ஸில், எந்த அளவிலும் நிற்கிற பூட்டு ஒன்றை வைக்க என்ன தடை?

சறுக்குவதோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்வேன். நீண்டு சுருங்குகிற லென்ஸ் ஒவ்வொரு முறையும் துருத்தி மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுத்துத் தள்ளுகிறது. மாசிப் பனியில் விடியற்கால ஆற்றங்கரைக் காற்று எவ்வளவு ஈரம் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். வீட்டில் நான் காற்றுப் புகாத பெட்டியில், சிலிகா ஜெல்லோடு, ஈரமானி 45 சதவீதம் காட்டுகிற மாதிரிதான் வைக்கிறேன். ஆனாலும் பூஞ்சை வந்துவிட்டது. எதிர்வெளிச்சத்துப் படங்களில் கறுப்பு கறுப்பாக விழவில்லை, நீர்க்காகமே சாம்பலாக வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், முன்கண்ணாடிக்கு உள்புறம் மெல்லிய வெள்ளை இழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை பிரிந்திருந்தன. விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

சர்வீஸுக்குக் கொடுத்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். மாசி தொடக்கத்தில் கொடுக்கும்போது இரண்டு வாரம் என்றார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லாரும் போய்வந்தோம், அப்போதும் வரவில்லை. சித்திரை பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து முதலிலிருந்து விவரம் கேட்டார். ஒரு பருவம் முழுக்கப் போனது, அதை யாரும் பில்லில் கழிக்கப் போவதில்லை. வாலாட்டிகள் கிளம்பியாயிற்று. பச்சைப் பஞ்சுருட்டான்கள் கரையின் மண்சரிவில் வளை தோண்டுவதும் இந்த மாதங்களில்தான். அலகால் கொத்திக் கொத்தி உள்ளே போய், குட்டைக் கால்களால் மண்ணைப் பின்னால் எற்றும், வளை வாயிலிருந்து புழுதி தெறிக்கும். இந்த வருடம் அதை எட்டு மடங்கு பெரிதாக்குகிற 8x42 பைனாகுலரில்தான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பூஞ்சையைச் சுத்தமாக எடுத்திருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிரித்துச் சேர்த்த பிறகு, 600-இல் ஃபோகஸ் பறவைக்குச் சற்று முன்னால் விழுகிறது. ஆள்காட்டிக் குருவியின் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால், அதற்கு முன்னால் கிடக்கும் கூழாங்கல் பளிச்சென்று வருகிறது. ஃபோகஸைச் சற்று முன்பின் தள்ளுகிற கேமராவின் ஃபைன் ட்யூனில் திருத்திப் பார்த்தேன். 600-இல் சரியானால் 300-இல் தப்புகிறது. கேட்டதற்கு, "அளவுக்குள்ளதான் சார் இருக்கு" என்றார்கள். எந்த அளவு, யாருடைய அளவு என்பதற்குப் பதில் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மணலும் பாறையும் சூடேறி, அவற்றின் மேல் காற்று அலைய ஆரம்பித்துவிட்டால், தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. பத்து மணிக்கு அக்கரைக் கொக்கை எடுத்துவிட்டு லென்ஸ் மொக்கை என்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பழியை இதன் மேல் போட மாட்டேன். திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமரா பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கருவியில், கறுப்பு வெள்ளையில் யானைகளையும் பறவைகளையும் எடுத்தவர். அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு கருவியைக் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு.

இந்த லென்ஸ் எனக்குக் கொடுத்ததில் பெரியது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நம் ஆற்று மீன்கொத்திகளில், தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று மீன் தேடுவதை வாடிக்கையாகச் செய்வது இதுதான். வெறுங்கண்ணுக்கு ஒரு படபடப்பு, பிறகு தொப்பென்று ஒரு சத்தம். படத்தைப் பெரிதாக்கினால் வேறு கதை. 1/2000 நொடி ஷட்டரிலும் சிறகு நுனிகள் கலைந்திருக்கின்றன. உடல் வளைந்து, அலகு நேர் கீழே. தலை மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் இம்மியும் நகரவில்லை, உடல் முழுக்க அந்தத் தலையைச் சுற்றித்தான் ஆடுகிறது. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, எனவே ஆண். அடுத்த பாறையில் இருந்ததற்கு ஒரே பட்டை, அதுவும் நடுவில் விட்டுப்போய், பெண். ஜோடிதான் என்று கரையிலிருந்தே தெரிந்துகொண்டேன், அவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறவை தன் வேலையை நிறுத்தாத தூரத்தில் நின்று இவ்வளவு பார்க்க முடிகிறது என்பதற்காகவே 600-ஐ மதிக்கிறேன். ஆள்காட்டி கத்த ஆரம்பித்தாலே நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அதன் முட்டைகள் வெறும் கூழாங்கல் தரையில் கிடக்கும், மிதித்தால் போயிற்று. கூட்டுக்கு அருகே போய், கேமராவோடு வருகிற சின்னக் கிட் லென்ஸில் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். வாங்காதீங்க. பாதி விலை என்றாலும் அதற்குப் பின்னால் சர்வீஸ் செலவு நிற்கிறது. நல்ல 8x42 பைனாகுலர் வாங்குங்கள், முக்கால் கிலோதான், ஃபோகஸ் தப்பாது, ஒரு வருடம் பறவைகளைப் பழகுங்கள். இல்லை, படமும் வேண்டும் என்று மனசு கேட்கவில்லையென்றால், லென்ஸைக் கீழே கவிழ்த்துப் பிடித்து எவ்வளவு சறுக்குகிறது என்று பாருங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, அப்பர்ச்சரைத் திறந்து வைத்து, ஓரங்களைப் பாருங்கள். ஓர் இழை தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என்னுடையதை விற்கிறீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம். வேண்டுமானால் ஆடி மாதம் வந்து வாங்கிக்கொண்டு போங்கள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மாசி பிறக்கும்போது எனக்குத் திருப்பி வந்துவிட வேண்டும்.