ஹாக்கன் துப்பாக்கிக்கு வெண்கல நிப்பிள்: இரண்டு பருவம் பயன்படுத்திய பின்

இந்த மதிப்புரை விரல் நுனி அளவே உள்ள ஒரு பொருளைப் பற்றியது. குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும், பூட்டு என்னும் வெடிப்புப் பொறி பக்கவாட்டில் அமைந்த சைடுலாக் துப்பாக்கியில், கேப் (அடிபட்டதும் சுடர் எழுப்பும் சிறு உலோகத் தொப்பி) உட்காரும் துளையுள்ள திருகான நிப்பிளைத்தான் சொல்கிறேன். என்னிடம் இருப்பது .50 காலிபர், அதாவது குழலின் உட்துளை அரை அங்குலம் உள்ள துப்பாக்கி. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைப்பகுதி வேட்டைக்காரர்களுக்குச் செய்துகொடுத்த துப்பாக்கியின் சாயலில் தொழிற்சாலையில் செய்தது. அதனுடன் வந்த எஃகு நிப்பிளைக் கழற்றிவிட்டு, அலுமினியம் கலந்த வெண்கலத்தில், அடித்துளை குறுகலாகக் கடைந்த நிப்பிளைப் பொருத்தி இரண்டு வேட்டைப் பருவம் ஆகிறது.

மாற்ற நேர்ந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமசுக்குப் பின் வரும் பருவத்தில் சக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி என்பதால், கேப் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பெண்மான் வேட்டைக்குரிய அக்டோபர் வாரம் மிகவும் முக்கியமானது. அந்த வாரத்தின் ஒரு காலையில், நாற்பது கெஜத்தில் நின்ற மானை நோக்கி விசையை அழுத்தினேன். கேப் மட்டும் படீரென்று வெடித்தது, மருந்து பற்றவில்லை. குழலை மானிருந்த திசையிலேயே பிடித்தபடி ஒரு முழு நிமிடம் அசையாமல் நின்றேன், ஏனெனில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மருந்து தாமதமாக வெடிப்பதுண்டு. ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சி மைதானத்திலும் அந்தத் துப்பாக்கி அவ்வப்போது இப்படியே ஏமாற்றியிருந்தது. நான்தான் அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன்.

இவ்வகைத் துப்பாக்கியில் நெருப்பு நேர்வழியில் செல்வதில்லை. விசையை அழுத்தியதும் விழும் சுத்தியலான குதிரை அடித்ததும் கேப்பில் எழும் சுடர் நிப்பிளின் துளை வழியாக இறங்கி, குழலின் பக்கத்தில் புடைத்திருக்கும் சிறு அறைக்குள் நுழைந்து, அங்கே திரும்பி, குழலின் அடியில் இருக்கும் ஒடுங்கிய மருந்தறையை அடைய வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தேங்கியிருந்தாலும், சென்ற வேட்டின் கரி ஈரத்துணியால் உள்ளே தள்ளப்பட்டு அடைந்திருந்தாலும் சுடர் அங்கேயே அணைந்துவிடும். உண்மையான கரிமருந்து எளிதில் பற்றும். ஆனால் அமெரிக்கச் சட்டம் அதை வெடிபொருள் வகையில் வைத்திருப்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பலரும் வாங்குவது பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளை; அவை பற்றுவதற்கு இன்னும் கூடுதலான வெப்பம் வேண்டும். ஆகவே, வந்து சேரும் சுடர் சிறியதாக இருந்தால் பழைய மருந்து மன்னித்துவிடும், புதிய மருந்து மன்னிக்காது.

பழைய நிப்பிளையும் புதியதையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பழையதில் துளை மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலம். புதியதில் மேலே அகன்று தொடங்கும் துளை, அடியில் ஊசி மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகி, தட்டையான அடிப்பரப்பில் முடிகிறது. கேப்பின் சுடர் அந்தக் குறுகலில் நெருக்குண்டு பீச்சாங்குழலின் நீர்போலப் பாய்கிறது. குழலுக்குள் வெடி எழும்போது அதன் அழுத்தம் பின்னோக்கிக் கசிவதும் குறைகிறது. எனக்கு இன்னும் பிடித்தது, கேப்பைத் தாங்கும் அதன் தலையின் சரிவு. பழைய நிப்பிளில் 11 என்ற எண் அளவுள்ள கேப் முழுதாக இறங்காது. குதிரையின் முதல் அடி கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். வெடிக்காத கேப்பின் தலையில் ஆழமற்ற பள்ளம் ஒன்று அதற்குச் சாட்சியாக இருக்கும். புதியதில் கட்டைவிரலால் அழுத்தியதும் கேப் அடிவரை உட்கார்ந்துவிடுகிறது.

வேறு வகைகளையும் முயன்றேன். பக்கவாட்டில் துளையிட்ட நிப்பிள் வெடிப்பில் குறை வைக்கவில்லை, ஆனால் மழையில் அந்தத் துளையே ஈரத்துக்கு வாசலாகிவிடும் என்பதால் கழற்றிவிட்டேன். 1853 என்ஃபீல்டு போன்ற படைத்துப்பாக்கிகளுக்குரிய பெரிய கேப்பை ஏற்கும் நிப்பிள் உண்மையிலேயே கூடுதல் நெருப்பைத் தருகிறது; மாற்று மருந்தை மட்டுமே நம்பியிருப்பவர்கள் அதைப் பரிசீலிக்கலாம். என் குதிரையின் குழிவான முகம் அந்தப் பெரிய கேப்புக்கு இடம் தராமல் விளிம்பில் மோதியது.

இருப்பினும், வெண்கல நிப்பிளை வாங்கிப் பொருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுபவர்களுக்கு அது பயன் தராது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிய நிப்பிளோடு சென்ற முதல் நாளிலேயே, துப்பாக்கியை எண்ணெய் பூசிச் சாய்த்து வைத்திருந்த காரணத்தால் முதல் வேட்டு பற்றவில்லை. அன்றிலிருந்து கெட்டிப்பதற்கு முன் ஆல்கஹால் நனைத்த துணியாலும் பின் உலர்ந்த துணியாலும் குழலைத் துடைத்து, வெறும் குழலில் இரண்டு கேப் வெடிக்கிறேன். இரண்டாவதை வெடிக்கும்போது குழலின் வாயைத் தரையிலுள்ள ஒரு புல்லின் அருகே பிடிப்பேன். புல் துள்ளி அசைந்தால் வழி திறந்திருக்கிறது, அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்த வேண்டும். மருந்தைக் கொட்டியபின் பூட்டின் எதிர்ப்பக்கத்தை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினால் துகள்கள் அந்தத் திருப்பத்துக்குள் இறங்கும். இவ்வளவும் செய்தபின் சென்ற பருவம் முழுவதும் ஒரு வேட்டுகூடப் பொய்க்கவில்லை.

விலை, நூறு ஈயக்குண்டு கொண்ட ஒரு பெட்டியின் விலைகூட இல்லை. வாங்குமுன் மரையைச் சரிபார்ப்பது கட்டாயம். அமெரிக்காவில் செய்த பல துப்பாக்கிகளில் கால் அங்குலத் தடிமனும் அங்குலத்துக்கு 28 மரையும் இருக்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் செய்தவற்றில் பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன், அதிலும் மரையின் நெருக்கம் 1 மி.மீ. அல்லது 0.75 மி.மீ. என்று மாறும். கையால் எளிதாகச் சுழன்று இறங்காத நிப்பிளைச் சாவி போட்டு முறுக்கினால் பாழாவது குழலின் மரை. மரைக்குச் சிறிது கிரீஸ் தடவினால் பருவத்தின் முடிவில் சிரமமின்றிக் கழன்று வரும்.

வெண்கலமும் தேயும். துளை மெல்ல அகன்றுகொண்டே போகும். வெடித்ததும் குதிரை பாதித் தூரம் பின்னெழும்பினாலோ, கேப் சில்லுகளாகச் சிதறினாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். நான் இப்போது வேட்டைப்பையில் ஒரு மாற்று நிப்பிளையும் அதற்குரிய சாவியையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.