பெப்புவா, யுஃபுயினா? இரவு எங்கே தங்கலாம்

ஜப்பானின் கியூஷூ தீவில் வெந்நீர் ஊற்று என்றதும் முதலில் சொல்லப்படும் ஊர்கள் இந்த இரண்டும்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதனால் பலர் பெப்புவில் அறை எடுத்து, யுஃபுயினைப் பகலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெப்பு கடலோர நகரம். 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உண்டு. கன்னாவா பகுதியில் தெருவோரமெல்லாம் ஆவி கிளம்பும். ‘நரகங்கள்’ என்று பெயர் பெற்ற ஏழு ஊற்றிடங்கள் குளிப்பதற்கல்ல, பார்ப்பதற்கு. நேரம் குறைவென்றால் நீல நிற உமி ஜிகோகு (ஜிகோகு என்றால் நரகம்), இரும்புச் சேற்றால் சிவந்த சினோஇகே ஜிகோகு இரண்டும் போதும். முதலைகளைக் காட்டும் நரகத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

கன்னாவாவில் தவறவிடக் கூடாதது ஆவிச் சமையல். காய்கறி, முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று வேண்டியதை வாங்கித் தட்டில் அடுக்கி, தடித்த கையுறை மாட்டிக்கொண்டு நாமே ஆவிக்குழியில் இறக்கி மூட வேண்டும். கடிகாரம் அடித்ததும் மூடியைத் தூக்கினால் முகமெல்லாம் ஆவி. கிழங்கு அவ்வளவு இனிக்கும்! சைவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தொட்டுக்கொள்ளும் சாஸில் மட்டும் மீன் சாறு இருக்கலாம், உப்பே போதும்.

அப்புறம் தகேகவாரா குளியலகம். 1879-இல் தொடங்கியது, இப்போதுள்ள மரக் கட்டடம் 1938-இல் எழுந்தது. யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கி அணிந்து படுத்தால் சூடான மணலைக் கழுத்துவரை அள்ளிப் போடுவார்கள். பாரம் அழுத்த அழுத்த உடம்பின் அலுப்பு கரையும்.

யுஃபுயின் வேறு ரகம். 1,583 மீட்டர் யுஃபு மலையடியில் வயல் சூழ்ந்த சிற்றூர். பகலில் யுனோட்சுபோ கடைத்தெருவில் கூட்டம் நெரியும். பகல் பயணிகள் பார்ப்பது அதை மட்டும்தான். குளிர்கால விடியலில் கின்ரின் ஏரியிலிருந்து எழும் பனிமூட்டம் அங்கேயே தங்கினவர்களுக்குத்தான். விடுதி வாடகை அதிகம். பெரும்பாலும் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே இருக்கும். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், குழம்பு வகைகளுக்கு அடிப்படையே மீன் சாறு.

பொதுக் குளியலில் உடையில்லாமல் இறங்கக் கூச்சமா? இரண்டு ஊரிலும் குடும்பத்துக்கென்று மணிக்கணக்கில் தனிக் குளியலறை கிடைக்கும்.

ஒரே இரவு என்றால் பெப்பு. யுஃபுயினுக்கு ஓட வேண்டாம். அந்த அரை நாளில் பக்கத்திலுள்ள தகாசகியாமா மலைக் குரங்குகளையோ, ரோப்வேயில் ட்சுருமி மலையையோ பார்க்கலாம். குழந்தைகள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு இரவு இருந்தால் ஊருக்கொன்று: ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா நிலையத்திலிருந்து ‘யுஃபுயின் நோ மோரி’ ரயிலில் யுஃபுயின், மறுநாள் பஸ்ஸில் பெப்பு, அங்கிருந்து ஹகாட்டா திரும்ப ‘சோனிக்’ ரயில். ‘யுஃபுயின் நோ மோரி’யில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், விடுதிக்கு முன்பே அதைப் பிடித்துவிடுங்கள்.