மலிவான மடக்குச் சவரக் கத்தி: தேர்வு செய்வது முதல் தீட்டுவது வரை என் அனுபவம்

பிளேடு மாற்றும் வேலையே இல்லாத, கத்தியையே தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் பழைய மடக்குச் சவரக் கத்திக்கு நான் மாறிச் சில வருஷங்கள் ஆகின்றன. விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எந்தக் கத்தி வாங்கலாம் என்றுதான். கத்திக்குக் கொஞ்சமாகச் செலவு செய்யுங்கள், தீட்டுகிற கல்லுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். நல்ல கல்லும் பொறுமையும் இருந்தால் மலிவான கத்தியே முகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். தீட்டியது சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியும் முடியைப் பிடுங்கத்தான் செய்யும்.

என்னிடம் இருப்பது சீனாவில் செய்த கார்பன் ஸ்டீல் கத்தி. அகலம் 6/8, அதாவது முக்கால் அங்குலம், சுமார் 19 மி.மீ. பிளாஸ்டிக் பிடி, முரட்டு வேலைப்பாடு, ஆனால் எஃகு அருமையானது. ஏறிய கூர் அப்படியே நிற்கிறது. இந்த விலைக்கு எஃகு மட்டும் சரியாக இருந்தால் போதும், மற்றதை நம் கையால் சரிசெய்துகொள்ளலாம். வண்ண வண்ணப் பிடியும் டமாஸ்கஸ் எஃகு மாதிரி அலையலையான கோலமும் போட்டு, என்ன எஃகு என்றே சொல்லாமல் விற்கிற கத்திகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் நிறைய மென்மையான ஸ்டெயின்லெஸ், கூர் ஏறினாலும் நிற்காது.

பழைய ஜெர்மன் கத்தி நியாயமான விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கத்திக்குப் பேர்போன சோலிங்கன் என்ற ஊர்ப்பெயரைப் பொறிப்பதற்கு 1938-லேயே அங்கே தனிச் சட்டம் போட்டார்கள், அந்த வட்டாரத்தில் செய்த பொருளுக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் பழையது என்றால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: துரு விளிம்புவரை குழி பறித்திருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா, விளிம்பின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கிறதா, விளிம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற தடித்த முதுகு தேய்ந்து அகலப் பட்டையாகிவிட்டதா. மேலோட்டமான கறையைப் பற்றிக் கவலை வேண்டாம், விரிசல் இருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

மலிவான புதுக் கத்தி பெட்டியிலிருந்து எடுத்ததும் ஷேவ் செய்கிற கூரோடு வராது. தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். அவருடைய சக்கரம் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் ஆனது. இவ்வளவு மெல்லிய விளிம்பு சுழலும் சக்கரத்தில் பட்ட நொடியில் சூடேறி எஃகின் பதம் போய்விடும், நீலம் பாய்ந்த இடத்தில் அப்புறம் கூர் நிற்கவே நிற்காது. இது தண்ணீர் விட்டு, தட்டையான கல்லில், கையால் செய்கிற வேலை.

தீட்டும் கோணத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கத்தியின் அழகு. முதுகும் விளிம்பும் இரண்டுமே கல்லில் படியும்படி படுக்க வைத்தால் போதும், கோணத்தை முதுகின் தடிமனே முடிவு செய்துவிடும். 19 மி.மீ அகலத்துக்கு முதுகு 5 மி.மீ என்றால் கோணம் சுமார் 15 டிகிரி வரும். இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடும். டேப் ஒட்டித் தீட்டிய கத்தியை அடுத்த முறையும் டேப் ஒட்டித்தான் தீட்ட வேண்டும், இல்லையென்றால் கல் விளிம்பின் நுனியைத் தொடாமல் பின்னாலேயே உரசிக்கொண்டிருக்கும்.

மலிவான கத்திகளில் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது பிடியை ஒட்டிய தடித்த தோள் பகுதி. அது கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டு விளிம்பைத் தூக்கிவிடும். முதலில் அந்த மேட்டை வாட்டர் பேப்பரிலோ (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) 400 கல்லிலோ தேய்த்துக் குறைத்துவிட வேண்டும். எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். அப்புறம் 1000 கல். மொத்த வேலையில் முக்கால்வாசி இங்கேதான். விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிற சரிவுப் பட்டையில் மார்க்கர் பூசிவிட்டு, விளிம்பு முன்னால் போகும்படி சில தடவை இழுத்துப் பாருங்கள். மை அழியாத இடத்தில் கல் படவில்லை என்று அர்த்தம். கல் கத்தியை விட ஒடுக்கம் என்றால் குறுக்காக, அடியிலிருந்து நுனிவரை போகும்படி தள்ள வேண்டும். அழுத்தம் முதலில் கொஞ்சம், போகப்போகக் கத்தியின் எடை மட்டும். விளக்கு வெளிச்சத்தில் விளிம்பை நேராகப் பார்த்தால் எங்கேயும் பளிச்சென்று ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது, அடியிலிருந்து நுனிவரை எந்த இடத்தை வைத்தாலும் கை ரோமம் தோலை ஒட்டி வெட்டுப்பட்டு விழ வேண்டும். அதுவரை மேலே போகாதீர்கள். இங்கே அவசரப்பட்டால் 12000 கல் வாங்கியும் பயனில்லை, மழுங்கிய விளிம்புக்கு மெருகு ஏற்றினதாகத்தான் ஆகும்.

அதற்கு மேல் 4000, 8000, 12000. முந்தைய கல்லின் கோடுகள் மறையும்வரை, அவ்வளவுதான். நான் கீழ்ப்படிகளுக்கு கிங் 1000/6000 இரட்டைக் கல்லும் கடைசிக்கு நனிவா 12000-மும் வைத்திருக்கிறேன். 6000-த்திலிருந்து நேராக 12000 போகும்போது கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், பரவாயில்லை. கல்லைத் தட்டையாக வைத்திருப்பது கட்டாயம். பென்சிலால் கட்டம் போட்டு, தடிமனான கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் விரித்துக் கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்தால் சமமாகிவிடும்.

தீட்டிய விளிம்பை இழுத்துப் பதப்படுத்துகிற தோல் வார் இல்லாமல் இந்தக் கத்தியே கிடையாது. ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் துணியில் இருபது, தோலில் நாற்பது தடவை போல. கல்லுக்கு நேர் எதிராக முதுகு முன்னால் போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்ட வேண்டும், வார் தொய்யக் கூடாது. விலை உயர்ந்த வார் தேவையில்லை. ஈரோடு, திண்டுக்கல் பக்கம் தோல் வியாபாரத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் மரப்பட்டையில் பதனிட்ட தோலில் ஒரு நீளத் துண்டு கேளுங்கள், முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்ட அந்த வகைத் தோலுக்கு அந்த ஊர்கள் பேர்போனவை. பாலிஷ் பட்டறையில் கிடைக்கும் பச்சை மெருகுக் கட்டியை வாரில் தேய்க்க வேண்டாம், அதில் கரடான துகள்களும் கலந்திருக்கும். 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்ஸைடு என்று தனியாக விற்கிற நைசான மெருகுப் பொருள்தான் சரி.

ஷேவுக்கு வெந்நீர், நல்ல நுரை, தோலை இழுத்துப் பிடிப்பது, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்ப்பது. முதலில் கன்னம் மட்டும் செய்து பழகிவிட்டு, தாடைக்கும் மேலுதட்டுக்கும் நிதானமாகப் போகலாம். ஒரே கத்தியை இரண்டு பேர் பயன்படுத்தவே கூடாது.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் கார்பன் ஸ்டீலுக்கு எதிரி துருதான். துடைத்த பிறகு பிடியின் இடுக்கில் தண்ணீர் தங்கும், அதனால் கொஞ்ச நேரம் திறந்து வைத்து உலரவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவிக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடுகிறது. இப்படிப் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் கல் பக்கமே போக வேண்டியதில்லை. கன்னத்தில் லேசாக இழுக்க ஆரம்பித்தால் முதலில் குரோமியம் ஆக்ஸைடு தடவிய வார், அதற்கும் சரியாகவில்லை என்றால் 12000 கல்லில் சில தடவை. விளிம்பு சில்லு போனால் மட்டும்தான் மறுபடி 1000 கல்லை எடுக்கிறேன்.